மழைக்காட்டுப் பாடமும் எமது பிள்ளைகளும்

ஆரம்பப் பிரிவு மாணவருக்குச் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்றொரு பாடம் உண்டு. அப்பாடத்தில் காடுகள் வரும் தவணையில் எமது கிராமங்களில் பச்சைப் பென்சில்கள் விரைவாகத் தேய்ந்து போகின்றன. பிள்ளை தன் கொப்பியில் ஒரு காட்டை நான்கு தட்டாக வரைகின்றது. உச்சியில் தலைநீட்டும் பெருமரங்கள். அவற்றின் கீழ் கிளையோடு கிளை கோத்துக் குடை பிடிக்கும் விதானம். அந்த நிழலில் வளரும் சிறுமரங்கள். அடியில் சருகும் காளானும் அட்டையும். பக்கத்தில் இலங்கைப் படம் வரைந்து, தென்மேற்கு மூலையில் ஒரு புள்ளி குத்தி, ‘சிங்கராஜ வனம்’ என்று எழுதுகின்றது.

இதைக் கண்டு சில பெற்றோர் சினக்கின்றனர். “யானைக்கும் பன்றிக்கும் இரவிரவாகக் காவல் கிடக்கிற எங்கட பிள்ளையளுக்குக் காட்டைப் பற்றிப் படிப்பிக்க வேணுமோ? கணக்கைப் படிப்பிச்சால் புலமைப்பரிசிலாவது எடுக்கும்” என்று கேட்கும் தகப்பன்மாரை நாம் அறிவோம். அவர்களின் எரிச்சல் எமக்கு விளங்குகின்றது. ஆனாலும் அவர்கள் கருத்தோடு நாம் உடன்படவில்லை. இப்பாடம் வேண்டும். எமது பிள்ளைகளுக்கு மற்றப் பிள்ளைகளிலும் பார்க்க அதிகமாகவே வேண்டும். அது எவ்வாறு படிப்பிக்கப்படுகின்றது என்பதிலேதான் எமக்குக் கவலை.

முதலில், பிள்ளை படிக்கும் அந்தக் காட்டைப் பெற்றோரும் சற்று அறிந்துகொள்வது நல்லது. சிங்கராஜ வனம் இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களில் பரந்து கிடப்பது. ஆண்டுக்கு 3,600 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை அங்கு மழை பெய்யும். மழையே பெய்யாத மாதம் என்று ஒன்று இல்லை. அங்குள்ள மரவினங்களில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டவை உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. கொத்தமல்லியோடு சேர்த்து அவித்துக் குடிக்கின்றோமே மரமஞ்சள், அது அக்காட்டில் படரும் ஒரு கொடி. நாம் பனையிலிருந்து பனங்கட்டி எடுப்பது போல அக்காட்டோரச் சிங்களக் கிராமத்தவர் கித்துளிலிருந்து பாணியும் கருப்பட்டியும் எடுக்கின்றனர். களுகங்கைக்கும் ஜின்கங்கைக்கும் அங்கிருந்து நீர் இறங்குகின்றது. 1978இல் அது உயிர்க்கோள ஒதுக்கமாக ஏற்கப்பட்டது. 1988இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இவ்வளவும் கொப்பியில் வரக்கூடியவை. வராத ஒன்றும் உண்டு. 1970களின் முற்பகுதியில் ஒட்டுப்பலகை செய்வதற்காக அதே சிங்கராஜாவுக்குள் இயந்திரங்கள் இறக்கப்பட்டன. வீதி வெட்டிப் பெருமரங்களைச் சாய்த்து ஏற்றினார்கள். இது அரசின் திட்டப்படி நடந்த வேலை. விஞ்ஞானிகளும் இயற்கைப் பாதுகாப்பில் அக்கறை கொண்டோரும் பொதுமக்களும் பல ஆண்டுகள் எதிர்ப்புத் தெரிவித்த பின்னரே 1977இல் அது நின்றது. கத்தியோடு காட்டுக்குப் போன ஏழைக் கிராமத்தவன் அல்லன் அன்று அக்காட்டுக்குப் பெருங்கேடு செய்தவன்.

இதை நாம் ஏன் சொல்கின்றோம்? வகுப்பறைச் சுவர்களில் தொங்கும் படங்களைப் பாருங்கள். காடழிப்பு என்றால் கோடரி தூக்கிய, சாரம் கட்டிய ஒரு மனிதன் நிற்கின்றான். காடழிவின் காரணங்களை எழுதச் சொன்னால் பிள்ளை முதலாவதாக எழுதுவது ‘சேனைப் பயிர்ச்செய்கை’. அந்தப் பிள்ளையின் பேரன் சேனை வெட்டியவர். குரக்கனும் எள்ளும் சோளமும் விதைத்துத்தான் அந்தக் குடும்பம் பஞ்ச காலங்களைக் கடந்தது. பாடம் முடிந்து வீட்டுக்கு வரும் எட்டு வயதுப் பிள்ளை, வேலியோரம் கத்தி தீட்டிக்கொண்டிருக்கும் பேரனை என்ன கண்ணோடு பார்க்கும்? ஊரையும் வளவையும் மாட்டையும் இழந்து வந்த குடும்பத்தில் மிஞ்சியிருப்பது மூத்தோர் மீதுள்ள மதிப்பு ஒன்றுதான். அதையும் ஒரு படத்தாள் தட்டிப் பறித்துவிடக் கூடாது.

சேனையில் குற்றமே இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. மழைக்காட்டு மண் வளமானது போலத் தோன்றும்; உண்மையில் அதன் வளம் பெரும்பாலும் மரத்திலும் சருகிலுமே இருக்கின்றது. வெட்டி எரித்தால் அடுத்த மழை சாம்பலையும் மண்ணையும் சேர்த்துக் கொண்டு போய்விடும். எமது வரண்ட காட்டில் நிலத்தைப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆறவிட்டு மீண்டும் வெட்டிய முன்னோருக்குச் சேனை ஓர் ஒழுங்கான பயிர்முறையாக இருந்தது. சனம் பெருகி, நிலம் சுருங்கி, மூன்று நான்கு வருடத்துக்குள் அதே இடத்தை மீண்டும் எரிக்கின்ற நிலை வந்தபோது அது காட்டைத் தின்னத் தொடங்கியது. எங்கே, எந்த மண்ணில், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை என்று கேட்டுப் படிப்பிப்பது ஆசிரியருக்குப் பெரிய சிரமமாக இராது. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு அது விளங்கும்.

சட்டத்தின் கதையையும் பெரிய வகுப்புகளிலாவது சொல்லவேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் ஆங்கிலேயர் காடுகள், தரிசுகள், ஆளில்லாத, பயிரிடாத நிலங்கள் யாவும் வேறொருவருக்குரியவை என்று நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியவை என்றாக்கினர். சேனை நிலங்களும் அதற்குள் அகப்பட்டன. அவ்வாறு எடுக்கப்பட்ட மலைநாட்டுக் காடுகளைப் பின்னர் அவர்கள் பேணினார்களா? கோப்பிக்காக வெட்டி எரித்தார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பி விழ, அந்த நிலங்களில் தேயிலை ஏறியது. இலங்கையின் ஈரவலயக் காடு பெரும்பாலும் போன வழி அதுதான்.

அக்கதைக்கு எமது ஊர்களிலேயே வாரிசுகள் இருக்கின்றனர். 1977இலும் 1983இலும் வன்செயல்களால் துரத்தப்பட்டு மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களுக்கு வந்து காடு திருத்திக் குடியேறிய குடும்பங்கள் பல. சிங்கராஜாவின் அயலில் இறக்குவானை, தெனியாயப் பக்கங்களில் இன்றும் தமிழ்த் தொழிலாளர் வாழும் தேயிலைத் தோட்டங்கள் உண்டு. மழை விடாமல் பெய்யும் காடும், காலில் ஏறும் அட்டையும், பனிமூட்டமும் எப்படியிருக்கும் என்று சொல்லக்கூடிய ஒரு பாட்டி எமது பாடசாலைக்கு அடுத்த வளவிலேயே இருக்கக்கூடும். அவரை அழைத்து வகுப்பில் அரை மணித்தியாலம் கதைக்க விட்ட ஆசிரியர் எத்தனை பேர்? (பாட்டிக்கு எழுத்துத் தெரியாதே என்று தயங்குபவர்கள், காட்டுக்கும் எழுத்துத் தெரியாது என்பதை நினைத்துக்கொள்ளட்டும்.)

இனி எமது காட்டுக்கு வருவோம்.

மே மாதத்தில் சோழகக் காற்று எழும்பும்போது சிங்கராஜாவில் பேய்மழை. அதே காற்று தென்மேற்கிலும் மலைச்சாரலிலும் நீரை இறக்கிவிட்டு எமது பக்கம் வரும்போது, கொட்டிலின் கிடுகைப் பிய்க்கின்ற வரண்ட காற்றாக வருகின்றது. எமக்கு ஆண்டு மழை 1,750 மில்லிமீற்றருக்கும் குறைவு. அதுவும் பெரும்பாலும் ஒக்ரோபர் தொடக்கம் ஜனவரி வரைக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஒரே தீவில் இரண்டு விதமான காடுகள் எப்படி வந்தன என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது. பிள்ளை முகத்தில் படும் காற்றிலிருந்து பாடம் தொடங்கலாம்.

இலையிலிருந்தும் தொடங்கலாம். மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் இலை நுனி நீண்டு கூராக இருக்கும். விழுந்த நீர் தங்காமல் வடிந்தோடுவதற்கு. எமது பாலை மரத்தின் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிறியது, தடித்தது, தோல் போன்றது. நுனி கூராக இல்லாமல் சற்று உட்குழிந்திருக்கும். இருக்கும் நீரை இழக்காமல் ஆறேழு மாத வெயிலைத் தாங்குவதற்கு அந்தத் தடிப்பு உதவுகின்றது. ஓர் இலையைப் புத்தகத்துள் வைத்துக் காயவிட்டு, சிங்கராஜ மரத்தின் இலைப் படத்துக்கு அருகில் ஒட்டினால் பாதிப் பாடம் முடிந்தது.

பாலை, வீரை, முதிரை, கருங்காலி, பனிச்சை, ஆற்றோரத்து மருது என்று எமது முதியவர்கள் மூச்சு விடாமல் சொல்லும் பெயர்களை எமது பிள்ளைகள் எத்தனை அறிவார்கள்? சிங்கராஜாவின் மரங்களில் நான்கைந்தைப் பரீட்சைக்காகப் பாடமாக்கிய பிள்ளைக்கு, தான் இருக்கும் வாங்கு முதிரையா தேக்கா என்று தெரியவில்லை. தேக்கு எமது காட்டு மரமே அல்ல. ஒல்லாந்தர் காலத்தில் இங்கு கொண்டுவந்து நடப்பட்டது. வரிசையாக நட்ட தேக்கந்தோட்டத்தையும் இயற்கைக் காட்டையும் ஒன்றாக எண்ணுகின்ற பழக்கம் பெரியவர்களிடமும் இருக்கின்றது. பாலை பழுக்கும் காலத்தில் கரடியும் குரங்கும் பறவையும் மனிதனும் ஒரே மரத்தடியைத் தேடி வருவது போலத் தேக்கந்தோட்டத்துக்கு யாராவது வருகின்றார்களா என்று பிள்ளையிடம் கேட்டால் அதுவே வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்குக் காட்டுப் பாடம் குளத்தில் வந்து முடியவேண்டும் என்பது எமது எண்ணம். மழைக்காடு நீரைச் சருகிலும் வேரிலும் பிடித்து வைத்து மெல்ல மெல்ல ஆற்றுக்கு விடுகின்றது. எமது நாட்டில் அந்த வேலையைக் காடும் குளமும் பங்கிட்டுச் செய்கின்றன. குளத்தின் மேற்பக்கத்துக் காடு மண்ணைப் பிடிக்கின்றது. அலைகரையில் நிற்கும் மரங்கள் காற்றின் வேகத்தைத் தணித்து நீர் ஆவியாவதைக் குறைக்கின்றன. அதனை ஒட்டிய புற்றரை வண்டலை வடிகட்டுகின்றது. கட்டுக்குக் கீழே நிற்கும் மரஞ்செடிகள் வயலுக்கு இறங்கும் உவரை மட்டுப்படுத்துகின்றன. ஒரு குளத்தின் வான் நீர் அடுத்த குளத்துக்கு, அது அதற்கடுத்ததற்கு என்று தொடர்ந்து செல்லும் இந்த ஒழுங்கை 2017இல் உணவு விவசாய நிறுவனம் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டார் வந்து ஏற்கும் வரை காத்திருந்தோமே என்று வெட்கப்பட வேண்டியவர்கள் எமது பாடத்திட்டம் வரைபவர்களே அன்றி விவசாயிகள் அல்லர். அலைகரையை வெட்டினால் குளம் தூர்ந்து போகும். தூர்ந்த குளத்தில் மாரியில் வெள்ளம், சிறுபோகத்தில் வெறுந்தரை. 2018 டிசெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தபோது பாடசாலைகளிலும் பொதுமண்டபங்களிலும் படுத்த பிள்ளைகளுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

எமது காடு எப்படிக் குறைந்தது என்பதையும் உள்ளபடி சொல்லவேண்டும். 1956இல் இலங்கையின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 44 பங்கு காடாக இருந்தது. 2010இல் ஏறத்தாழ 30 பங்கு. அதில் எமது பங்கு எமது யுத்தத்தோடு கலந்தது. வீதியின் இருமருங்கும் பாதுகாப்புக்கென்று வெட்டப்பட்டது. பதுங்குகுழிக்குக் குற்றிகள் போயின. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இலட்சக்கணக்கான சனத்துக்கு வன்னிக் காடுதான் கொட்டிலுக்குத் தடி கொடுத்தது, அடுப்புக்கு விறகு கொடுத்தது. 2009இல் செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமுக்கென்று காடு அழிக்கப்பட்டது. 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. அம்முகாம்களில் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார். தமக்கு ஒதுங்க இடம் தந்த காட்டைப் பற்றி அவர்கள் தம் பிள்ளைகளிடம் பேசுவதில்லை. பேசினால் மற்றவையும் நினைவுக்கு வரும் என்ற பயமாக இருக்கலாம். அதே வேளை, இன்று இரவில் உழவு இயந்திரம் கொண்டு போய் முதிரையும் பாலையும் அரிந்து வருகின்றவர்கள் எமது மக்களிடையேயும் இருக்கின்றனர். யுத்தத்தின் மீது பழி போட்டு அவர்களைத் தப்பவிடவும் கூடாது.

ஆனால் காடு குறைந்த கதை ஒரு பக்கம். காடு வந்த கதையும் எமக்கு உண்டு. இருபது, முப்பது வருடம் ஆளில்லாமல் கிடந்த ஊர்களில் வயலிலும் வளவிலும் காடு ஏறிவிட்டது. திரும்பிப் போனவர்கள் பலர் தமது பழைய வாசலில் காட்டு எல்லைக் கற்களைக் கண்டனர். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் முசலிப் பிரதேசத்துக்குத் திரும்பியபோது, வில்பத்துக் காட்டை அழிக்கின்றார்கள் என்று 2015 அளவில் நாடெங்கும் எழுந்த கூக்குரலை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். விடயம் நீதிமன்றம் வரை சென்றது. ஒவ்வொரு துண்டு நிலத்தின் உரிமையையும் தீர்ப்பது இப்பக்கத்தின் வேலையல்ல. பாடத்தோடு அதற்குள்ள தொடர்பைத்தான் நாம் சுட்டிக்காட்டுகின்றோம். மேலிருந்து எடுக்கும் செய்மதிப் படத்தில் முப்பது வருடப் பற்றையும் முன்னூறு வருடக் காடும் ஒரே பச்சையாகத் தெரியலாம். தரையில் நின்று பார்ப்பவனுக்கு அவை ஒன்றல்ல. நாயுண்ணியும் ஈச்சையும் சூரையும் பின்னிக் கிடக்கும் பற்றைக்குள் ஒரு புளியமரம் தனியே ஓங்கி நின்றால் அங்கே வீடு இருந்தது. தூர்ந்த கிணறு, வரம்பின் மேடு, ஓட்டுத் துண்டு, கோயில் இலுப்பை, தேவாலயத்து மணிக்கூண்டின் அடிக்கல் ஆகியவை ஊரின் அடையாளங்கள். அவை ஒன்றும் இல்லாமல், ஒருவர் கட்டிப்பிடிக்க முடியாத பாலையும் வீரையும் அடர்ந்து நிற்குமானால் அது காடு; அதைத் தொடக் கூடாது. இந்த வித்தியாசத்தைக் கண்டு சொல்லத் தெரிந்த தலைமுறை இப்போது எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கின்றது. அவர்கள் போனபின் யார் சொல்வது? ‘காடு என்றால் எல்லாமே காப்பாற்றப்பட வேண்டும்’ என்று மட்டும் படித்த பிள்ளை, நாளை ஒரு அலுவலகத்தில் அமர்ந்து தன் சொந்த ஊரையே காடு என்று கோடு கீறிவிடக்கூடும். ‘காணி எல்லாம் எங்கட’ என்று மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை குளத்தின் அலைகரையையும் எரித்துவிடும்.

திருச்சபையில் இருப்போருக்கு இந்தச் சிந்தனை புதிதல்ல. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில், நிலத்துக்கு நேரும் கேட்டையும் ஏழைகளுக்கு நேரும் கேட்டையும் பிரித்துப் பார்க்கலாகாது என்று வற்புறுத்தினார். 2019 ஒக்ரோபரில் அமேசன் பிரதேசத்துக்கென உரோமையில் கூடிய ஆயர் மாமன்றத்தில் அம்மழைக்காட்டின் பூர்வீக மக்களும் அமர்ந்து பேசினர். காட்டைப் பற்றிப் பேச, அதில் வாழ்பவர்களை அழைக்க வேண்டும் என்ற சாதாரண அறிவுதான் அது. எமது பங்குப் பாடசாலைகளும் ஞாயிறு வகுப்புகளும் அதைச் செய்ய யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆசிரியர்கள் ஏற்கெனவே சுமை தாங்குகின்றவர்கள் என்பதை அறிவோம். ஒரே ஆசிரியை இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பார்க்கும் பாடசாலைகள் எமது பகுதிகளில் உண்டு. ஆகவே புதிய பாடம் வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. உள்ள பாடத்துக்குள் இரண்டு காரியங்கள் போதும்.

சிங்கராஜாவில் 25 ஹெக்டேயர் நிலத்தை ஒதுக்கி, விரல் தடிப்பு மரத்திலிருந்து ஒவ்வொன்றையும் அளந்து இலக்கமிட்டுப் பல ஆண்டுகளாக ஆய்வாளர்கள் கவனித்து வருகின்றனர். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள். எமது பிள்ளைகளுக்குப் பத்து மீற்றர் நீளம், பத்து மீற்றர் அகலம் போதும். குளத்தடியில் கயிறு பிடித்து அளந்து, அதற்குள் நிற்கும் மரங்களை எண்ணி, பெயரை ஓர் அப்பாவிடமோ ஆச்சியிடமோ கேட்டு எழுதவேண்டும். அடுத்த வருடம் அதே இடத்தை அடுத்த வகுப்பு எண்ணட்டும். கணக்குப் படிக்கவில்லை என்று குறைப்படும் தகப்பனுக்கும் அதில் கணக்கு இருக்கின்றது. (பாம்பு, பொறிவெடி அபாயம் கருதி, ஆள் நடமாட்டமுள்ள, கண்ணிவெடி அகற்றப்பட்ட இடமாகத் தெரிந்தெடுப்பது கட்டாயம்.)

மற்றது, பழைய ஊரின் படம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோரே இதைக் கேட்டுப் பெறலாம். ஊரை அறிந்த மூத்தோர் இருவரையோ மூவரையோ இருத்தி, அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வரையவேண்டும். குளம் எது, துருசு எந்தப் பக்கம், வாய்க்கால் எங்கே திரும்பியது, எந்த வளவில் புளி நின்றது, எங்கே ஊர் முடிந்து காடு தொடங்கியது. காடு தொடங்கிய இடத்தை மறக்காமல் கேட்கவேண்டும். அதைக் கூட்டியோ குறைத்தோ சொல்லவிடக் கூடாது. மூத்தோர் இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் குறித்துக்கொள்ளலாம். படத்தின் கீழே திகதியிட்டு, சொன்னவர்களின் பெயரையும் வயதையும் எழுதிக் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வாங்கி, ஒரு பிரதியை வகுப்பறைச் சுவரில் மழைக்காட்டுப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, மற்றப் பிரதியை வீட்டில் காணி அனுமதிப்பத்திரங்களும் பிறப்புச் சான்றிதழ்களும் கிடக்கும் அதே பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.